கரப்பான் சார்

மாப்பிள்ளை மாடி அறையின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகிறது. அன்று அறைக்குள்ளேயே இருந்த இளையவளிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மேஜைக்கு அடியில் நீட்டியிருந்த அவள் காலை டேப்பின் நுனியால் தட்டி, "கொஞ்சம்" என்றார். நகர்த்த வேண்டிய சாமான்களில் அவளும் ஒன்று என்பதைப் போல.

அதன் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அறை யாருக்கு என்று இன்று சாயங்காலம் ஏழு மணிக்கு முடிவு சொல்வதாக அம்மா அறிவித்திருந்தாள். வீடு அம்மாவுடையது. முடிவும் அவளுடையதுதான்.

இளையவள் காலையிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தாறு வயது. வாரத்தில் மூன்று நாள் நூலகத்துக்குப் போவாள். யார் யாரோ தூக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டு, வாசகர்கள் உட்கார்ந்து பயன்படுத்தும்படி உயிர் கொடுப்பாள். மிச்ச நேரமெல்லாம் 'தீவுகள்' என்ற விளையாட்டுக்கு. கப்பல் கட்டி, பீரங்கி வைத்து, தீவு தீவாகப் பிடிக்க வேண்டும். அந்த விளையாட்டு யாருக்கும் சொந்தமில்லை. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதி, எல்லோருக்குமாக விட்டது. அதில் பிழை கண்டுபிடித்துத் திருத்துவதும், உதவி கேட்டு எழுதுகிறவர்களுக்குப் பதில் போடுவதும் அவள் வேலை.

கம்ப்யூட்டர்காரர்கள் பிழையைப் பூச்சி என்பார்கள். அதனால் அங்கே அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர், கரப்பான். எல்லோரும் 'கரப்பான் சார்' என்றுதான் எழுதினார்கள். அவள் திருத்தவில்லை. சார் சொன்னால் ஒரு தடவையில் கேட்டுக்கொள்கிறார்கள். மேடம் சொன்னால், 'நிச்சயமாகத் தெரியுமா?' என்று இன்னொருவரைக் கேட்கப் போகிறார்கள்.

அன்று காலை முதல் செய்தி, வழக்கம்போல, பேரரசர்77 என்ற ஆளிடமிருந்து.

'கரப்பான் சார், வணக்கம். நேற்று சிஸ்டத்தை அப்டேட் செய்ததிலிருந்து பீரங்கிச் சத்தம் வரவில்லை. தங்கள் மேலான ஆலோசனை தேவை.'

'ஹெட்ஃபோன் சொருகியிருக்கிறதா?' என்று எழுதினாள்.

இரண்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. 'ஆமாம் சார்! அதில்தான் கேட்கிறது. தாங்கள் தெய்வம்.'

இளையவள் உதட்டைப் பிதுக்கினாள். இரண்டு வருடமாக இந்த ஆள் இப்படித்தான். திரையில் வரும் செய்தியைப் படிக்காமலேயே 'சரி'யை அழுத்துகிற கூட்டம். அந்தக் கூட்டத்தை அவள் மனிதக் கணக்கில் சேர்த்ததே இல்லை. பெயரில் மட்டும் சாம்ராஜ்யம்.

கீழே இறங்கி வந்தபோது, கடையைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிட வந்திருந்த மாப்பிள்ளை உட்பட எல்லோரும் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். ஓய்வு பெற்ற பிறகும் காலைப் பத்திரிகையைச் சிவப்புப் பேனா இல்லாமல் தொடுவதில்லை. மூத்தவள் கண் பரிசோதனை செய்பவள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாகக் கண்ணாடிக் கடை. மூத்தவள் சோதித்து எண் எழுதிக் கொடுப்பாள், மாப்பிள்ளை கண்ணாடி போட்டுக் கொடுப்பார். கடை சின்னது. லென்ஸ் தேய்க்கும் பகுதியை மாடி அறைக்குக் கொண்டு வந்துவிட்டால் கடையில் இடம் கிடைக்கும் என்பது அவர் திட்டம்.

"மேடம் இறங்கி வந்தாச்சா? உலகத்துல இருக்கிற பிழையெல்லாம் திருத்தியாச்சா?" என்றார் மாப்பிள்ளை.

"இன்னும் இல்ல அத்தான். உங்க கடைக் கம்ப்யூட்டர் பாக்கி இருக்கு. பாஸ்வேர்டை எழுதி மானிட்டர் மேலயே ஒட்டியிருந்தீங்களே, எடுத்துட்டீங்களா?"

"அது முறையா வாங்கின சிஸ்டம்மா. அதுல தொழில் நடக்குது. ஊரெல்லாம் சேர்ந்து சும்மா பண்ணிக் குடுத்ததை வெச்சுக்கிட்டுப் பொம்மைதான் ஆடலாம்." அவர் ரொட்டியில் வெண்ணெயைத் தடவிக்கொண்டே எண்ணினார். "ஓசி சிஸ்டம். ஓசி விளையாட்டு. ஓசி ரூம்."

மூத்தவள் தலை நிமிர்ந்தாள். அம்மாவின் பேனா ஒரு எழுத்தின் மேல் நின்றது.

"சாயங்காலம் ஏழு மணின்னு சொல்லியிருக்கேன். அதுக்கு முன்னாடி யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம்" என்றாள் அம்மா.

இளையவள் காபியைக் குடிக்காமலேயே எழுந்து போனாள். அத்தானுக்கு விளக்கம் சொல்வது வீண் என்று அவள் முடிவு கட்டிப் பல வருடம் ஆகிறது. அவர் படி ஏறும் சத்தம் கேட்டாலே திரையை அணைத்துவிடுவாள். அவளிடம் என்ன விளையாட்டு இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. அவர் கேட்டதும் இல்லை.

பதினொரு மணிக்கு நூலகத்தில் இருந்தபோது அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது.

"கொஞ்சம் கடைக்கு வர முடியுமா? கம்ப்யூட்டர் போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"விளையாடாதே. அப்டேட்னு வந்துச்சு, அவர் சரின்னு அழுத்திட்டுக் கிளம்பிட்டார். லென்ஸ் கம்பெனிக்குப் போயிருக்கார், திரும்பி வர மூணு மணி ஆகும். இங்க திரை இருட்டா நிக்குது. லென்ஸ் வெட்டற மெஷின் அந்தக் கம்ப்யூட்டர் சொன்னாத்தான் ஓடும். சர்வீஸ்காரர் வியாழக்கிழமைதான் வருவாராம்."

"வியாழக்கிழமை வரைக்கும் காத்திருங்க. முறையா வாங்கின சிஸ்டமாச்சே."

"ஒரு லாரி டிரைவர் வந்து உக்காந்திருக்கார். மூணு மணிக்கு அவருக்கு லைசென்ஸுக்குக் கண் டெஸ்ட். இன்னிக்குத் தவறினா வேலையை விட்டு நிறுத்திடுவாங்களாம்." அக்காவின் குரல் இறங்கியது. "அத்தானுக்குத் தெரிய வேண்டாம். நீ வந்துட்டுப் போயிடு."

'அத்தானுக்குத் தெரிய வேண்டாம்' என்ற சொல் மட்டும் சுருக்கென்றது. ஆனாலும் இளையவள் பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் அவளுக்கு உள்ளூர ஒரு குஷி.

கடையில் சுவர் முழுக்க ஃப்ரேம்கள், நூறு ஜோடிக் கண்கள் முழிப்பதைப் போல. பின்பக்கத்தில் லென்ஸ் வெட்டும் மெஷின் தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றிருந்தது. அதன் பக்கத்தில் ஈர மாவு போல லென்ஸ் தூள். டிரைவர் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யார் வந்து நின்றாலும் நிமிர்ந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

இளையவள் பென் டிரைவைச் சொருகி அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினாள். உள்ளே இருந்த கோப்புகளுக்கு ஆபத்தில்லை. அப்டேட் பாதியில் சிக்கியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதைச் சரிசெய்ய அரை நாள் ஆகும்.

"மெஷினுக்கு வேண்டியது ஃப்ரேமோட வடிவக் கோப்பு மட்டும்தான். அதை எடுத்துட்டேன். வேற ஒரு கம்ப்யூட்டர் இருந்தா அதுலேர்ந்தே மெஷினை ஓட்டிடலாம்."

"வேற எங்கே இருக்கு?" என்றாள் அக்கா.

இருபது வருடமாக அங்கே லென்ஸ் தேய்க்கும் அம்மாளை எல்லோரும் லென்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"சார் லேப்டாப் ஒண்ணு இருக்கும்மா. டெஸ்ட் பண்ற ரூம் டிராயர்ல. பூட்டித்தான் வெச்சிருப்பார். சாவி அந்த எழுத்து அட்டைக்குப் பின்னாடி."

"அவர்கிட்ட ஏது லேப்டாப்?"

"மத்தியானம் நீங்க சாப்பிடப் போனதும் கதவைச் சாத்திக்குவார். கேட்டா ஸ்டாக் பாக்கறேம்பார். ஸ்டாக் பாக்கும்போது உள்ள டமால் டமால்னு சத்தம் வரும்." லென்ஸம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "கொஞ்ச நாளா ஹெட்ஃபோன் மாட்டிக்கிறார். நல்லதாப் போச்சு."

பத்து வருடப் பழைய லேப்டாப். இளையவள் பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் சரசரவென்று ஓடின. அந்த வரிகள் அவளுக்குத் தன் கையெழுத்தைப் போலப் பழக்கம்.

லினக்ஸ்.

பாஸ்வேர்டு கேட்கவில்லை, நேராக உள்ளே போனது. முகப்பில் மூன்று பாய்மரக் கப்பல். மூலையில் உதவிக் குழுவின் ஜன்னல் தானாகத் திறந்துகொண்டது. அதில் கடைசி வரி, 'தாங்கள் தெய்வம்.'

பேரரசர்77 மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மறந்துவிட்டுப் புலம்புவார். 'எப்படியும் மறக்கத்தான் போகிறீர்கள், அது இல்லாமலேயே திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்' என்று மூன்று மாதத்துக்கு முன்னால் வழி சொல்லிக் கொடுத்தது அவள்தான்.

இளையவள் முதலில் வேலையை முடித்தாள். கேபிளை மாற்றினாள், கோப்பை அனுப்பினாள். மெஷின் உறுமிக்கொண்டு லென்ஸை வெட்டத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் டிரைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்து அட்டையின் கடைசி வரியை, கேட்காமலேயே, சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும் மூன்று பேரையும் கும்பிட்டுவிட்டு ஓடினார்.

அதற்குப் பிறகுதான் அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து அந்த ஜன்னலை மேலே தள்ளினாள். மூன்று வாரத்துக்கு முன்னால்.

'கரப்பான் சார், தங்களிடம் ஒரு சொந்த விஷயம் கேட்கலாமா? வீட்டில் ஒரு ஆள். வயது முப்பதுக்கு மேல். கல்யாணம் இல்லை. நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கும். வெறும் தண்டம். என்ன செய்யலாம்?'

கீழே கரப்பான் சாரின் பதில்.

'அறையைப் பிடுங்குங்கள். அறை இருக்கிற வரைக்கும் அந்த மாதிரி ஜென்மங்கள் திருந்தாது. முதலில் டேப் வைத்து அளந்து பாருங்கள், அதிலேயே பாதி உயிர் போய்விடும்.'

அதை எழுதிய மத்தியானம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு கையில் பிஸ்கட், ஒரு கையால் தட்டெழுத்து. தொப்பையும் தாடியுமாக, யாரோ ஒரு சோம்பேறித் தம்பியை நினைத்துக்கொண்டு சிரித்தபடி எழுதினாள். டேப் விஷயம் கடைசியில் தோன்றியது. நல்ல வரி என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். அத்தான் டேப்போடு வந்து நின்றபோதுகூட அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"யாரு இந்த கரப்பான்?" பின்னாலிருந்து அக்கா கேட்டாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"நான்தான்."

அக்கா குனிந்து மறுபடியும் படித்தாள். இரண்டாவது தடவை படிக்கும்போது அவள் உதடு அசைந்தது.

"எனக்குத் தெரியாதுக்கா, அது நான்னு. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டே. வேற யாரோன்னா எழுதலாமா?"

இளையவள் ஜன்னலைக் கீழே தள்ளி அந்த வரியை மறைத்தாள்.

"அவர் ஒரு ஆளைத் தண்டம்னு சொல்றார். நீ முகத்தைக் கூடப் பாக்காம ஆமாங்கிறே. காலைல அவர் ஓசி ஓசின்னு எண்ணினப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? உனக்காக அவர்கிட்ட இன்னிக்குச் சண்டை போடணும்னு இருந்தேன்." அக்கா நிமிர்ந்தாள். "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருக்கீங்க. நல்லா ஜோடி சேர்ந்து கப்பல் ஓட்டுங்க."

அடுத்த ஆள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அவள் முன்பக்கம் போய்விட்டாள்.

இளையவள் லேப்டாப்பை மூடுவதற்குள் கதவு திறந்தது. மாப்பிள்ளை சீக்கிரமே வந்துவிட்டார். கையில் லென்ஸ் பெட்டி. கண் லேப்டாப் மேல்.

"அது... ஸ்டாக் பாக்கறதுக்கு..."

"ஸ்டாக்ல பீரங்கியெல்லாம் இருக்கு அத்தான்."

அவர் அவசரமாகக் கதவைச் சாத்தினார். "அத்தைகிட்ட சொல்லிடாதே."

இப்படி ஒரு குரலை அவரிடமிருந்து அவள் கேட்டதே இல்லை. ஆனால் அது அரை நிமிடம்தான் நீடித்தது. பெட்டியைக் கீழே வைத்ததும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"இதைப் பாத்துட்டு நானும் நீயும் ஒண்ணுன்னு நினைச்சுக்காதே. எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்க ஒரு பெரிய மனுஷர் இருக்கார். கரப்பான் சார். அந்த லினக்ஸையே அவர் சொல்லித்தான் நானாப் போட்டேன். நாலு வார்த்தைல சொல்வார், நாற்பது வார்த்தைக்குச் சமம். உண்மையிலேயே விஷயம் தெரிஞ்சவங்க அப்படித்தான் இருப்பாங்க. உன்னை மாதிரி கதவைச் சாத்திக்கிட்டு இல்ல."

சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் டேப் வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"சரி, இப்படி வெச்சுக்குவோம்" என்றார் அவர், பேரம் பேசுகிற தொனியில். "ரூம் உனக்கே இருக்கட்டும்னு நான் சொல்லிடறேன். நீ வாயைத் திறக்காம இரு."

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் மேல் வழக்கமாக வரும் இளக்காரம் அப்போதும் வந்தது. வந்த இளக்காரத்தில் பாதி இன்று யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஏழு மணிக்கு நால்வரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். அக்கா யாரையும் பார்க்காமல் மேஜை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நானே சொல்லிடறேன் அத்தை. ரூம் அவளுக்கே இருக்கட்டும். கடைக்கு வேற வழி பாத்துக்கறேன்" என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

"காலைல ஒரு மாதிரி சொன்னீங்களே?"

"மனசு கேக்கல."

அச்சுப் பிழையைப் பார்ப்பதைப் போல அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு இளையவள் பக்கம் திரும்பினாள்.

வாயைத் திறக்காமல் இருந்தால் அறை அவளுக்கு. அக்கா மட்டும் அப்போது தலை நிமிராமல் இருந்திருந்தால் ஒருவேளை அவள் அப்படியே இருந்திருப்பாள். அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தானுக்கு மனசெல்லாம் இல்லம்மா" என்றாள் இளையவள். "அவரும் என்னை மாதிரி கம்ப்யூட்டர்ல விளையாடறவர்தான். கடைல ஒளிச்சு வெச்சு விளையாடறார். நான் பாத்துட்டேன். அதை உங்ககிட்ட சொல்லாம இருக்கத்தான் ரூமைத் தர்றார்."

"ஏய்!" என்றார் மாப்பிள்ளை.

"இன்னும் இருக்கு. என்னை என்ன பண்றதுன்னு அவர் ஒருத்தர்கிட்ட யோசனை கேட்டார். கரப்பான்னு பேரு. ரூமைப் பிடுங்கு, டேப் வெச்சு அளன்னு அந்த ஆள் சொன்னான். அந்த ஆள் நான்தான். யாரைப் பத்தின்னு தெரியாமச் சொன்னேன். ஆனா சொன்னது நான்தான்." அவள் தன் ஃபோனில், அந்தக் குழுவில் கரப்பானுக்குத் தனியாக வரும் செய்திகளைத் திறந்து மேஜை நடுவில், பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்தாள். "பாத்துக்குங்க."

மாப்பிள்ளை ஃபோனைப் பார்க்கவே இல்லை. அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார்.

"நீயா? நீ கரப்பான் சாரா? அவருக்குக் குறைஞ்சது அறுபது வயசு இருக்கும். ரிட்டயர்ட் இன்ஜினியர். எழுத்தைப் பாத்தாலே தெரியும். லேப்டாப்புல நாலு வரி படிச்சுட்டு வந்து எங்கிட்டயே அளக்கறியா?" அவர் தன் ஃபோனை உருவினார். "இரு. அவர்கிட்டயே கேக்கறேன்."

"வேணாங்க" என்றாள் அக்கா.

அவர் கேட்கவில்லை. கட்டை விரல்கள் பறந்தன. அழுத்தினார்.

மேஜை நடுவில் இளையவளின் ஃபோன் டிங் என்றது.

எழுத்து கண் முன்னால் இருந்தால் படிக்காமல் விட அம்மாவால் முடியாது. ஃபோனை இழுத்து, தூரம் சரிசெய்து, பத்திரிகை படிக்கும் அதே குரலில் படித்தாள்.

"'கரப்பான் சார், என் மைத்துனி தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு ஏமாற்றுகிறாள். தாங்களே ஒரு வார்த்தை எழுதி அவள் வாயை அடைக்க வேண்டும்.'" அம்மா நிறுத்தினாள். "மைத்துனிக்கு மூணு சுழி ணகரம் போட்டிருக்கு. ரெண்டு சுழி."

மாப்பிள்ளை தன் ஃபோனைப் பார்த்தார். அம்மா கையில் இருந்த ஃபோனைப் பார்த்தார். திரும்பவும் தன் ஃபோனைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, எடுக்க மறந்துவிட்டதைப் போல. இந்த முகத்தைப் பார்க்க இளையவள் பதினொரு வருடம் காத்திருந்திருக்கிறாள். பார்த்தபோது அவள் கண்ணில் பட்டது, ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுக் கொடுப்பவரின் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து தொங்கியது மட்டும்தான்.

"சார்..." என்றார் அவர், அவளைப் பார்த்து. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா எழுதியிருக்கீங்க போலிருக்கே" என்றாள் அம்மா. அவள் விரல் திரையை மேலே தள்ளிக்கொண்டே போனது.

"போதும்மா."

"விடுங்க அத்தை, அதெல்லாம் சும்மா..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். அப்போதுதான் இளையவளுக்கு நினைவு வந்தது. போன வருடம் ஒரு மழை நாள். பேரரசர்77 தன் மாமியாரைப் பற்றி ஒரு புலம்பல் எழுதியிருந்தார். கரப்பான் சார் அந்த மாமியாரைக் கிழிகிழியென்று கிழித்து நாலு வரியில் பதில் போட்டார். அந்த நாலு வரியும், ஒரு எழுத்து விடாமல், இப்போது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அம்மாவின் விரல் நின்றது.

"'சார், என் மாமியார் எதைக் கண்டாலும் குற்றம் சொல்கிறவர். இவரை எப்படித்தான் சகிப்பது?'" அம்மா நிதானமாகப் படித்தாள். "இதுல எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல."

அதற்குக் கீழே கரப்பான் சாரின் பதில் இருந்தது. அம்மா கண்ணாடியைக் கழற்றி, புடவை நுனியால் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.